விளைந்தது நூறு

மகன், முதலில் உன்னிடம் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் நம் ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேருக்கும் இப்போதைக்குக் காட்டாதே. உன் உம்மாவிடம் இதைப் பற்றி வாயே திறக்காதே. கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு விளங்கியிருக்கும், எழுதுவது உன் தங்கச்சி. சீனி வருத்தம் கண்ணில் ஏறியபிறகு எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறது. ஆகவே நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கிற பிள்ளை, பரீட்சை மண்டபத்தில்கூட இப்படி நடுங்கியிருக்க மாட்டாள். “உம்மா வாற சத்தமா வாப்பா?” என்று இதற்குள் மூன்று தரம் கேட்டுவிட்டாள். உம்மா இஷா தொழுதுவிட்டு, உன் கலியாணத்துக்குத் தைக்கக் கொடுத்த உடுப்புகளைப் பார்க்க அடுத்த ஒழுங்கைக்குப் போயிருக்கிறாள். அங்கே போனால் கதை நீளும். அந்த நேரத்துக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இதை முடித்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்ப வேண்டும்.

விஷயம் இதுதான். உன் வருமான வரிப் படிவம் தங்கச்சி கையால் அந்த வரி மென்பொருளில் நிரப்பி முடிந்து கிடக்கிறது. நாளை வேலை முடிந்து வந்து ஒருதரம் பார்த்துவிட்டு அனுப்புவதாக நீ சொல்லியிருக்கிறாய். அனுப்பாதே. அதில் உன் வெளிநாட்டுப் பங்கிலாபம் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. போன வருடமும் அதே பிழையோடுதான் அனுப்பினோம். பிழை மென்பொருளில் இல்லை, உன்னிலும் இல்லை. அதைச் சொல்லித் தந்தது நான். இன்னும் சில நாட்களில் நீ கலியாணத்துக்கு வந்து இறங்குவாய். வந்தபிறகு பந்தலும் சமையலும் சனமுமாக இருக்கும், உன்னைத் தனியாக இருத்திக் கதைக்க ஒரு மூலைகூடக் கிடைக்காது. நீ திரும்பிப் போகுமுன் படிவத்துக்கான தவணையும் முடிந்துவிடும். மருமகளைக் கனடாவுக்குக் கூப்பிட நீ கொடுக்கப்போகும் பத்திரங்களில் இந்த வரிப் பத்திரங்களும் சேரும் என்று நீதான் சொன்னாய். என் பிழை அந்தக் கட்டுக்குள் போய் உட்காரக்கூடாது.

நீ அந்தக் குளிர்க் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆஸ்பத்திரிச் சாமான் செய்கிற ஓர் அமெரிக்கக் கம்பெனியில் கொஞ்சம் பங்கு வாங்கலாமா என்று கேட்டாய். நான் மார்க்கம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தேன். வியாபாரம் ஆகுமானதுதான், ஆனால் அவர்களுடைய வருமானத்தில் ஒரு சிறு பகுதி வட்டியில் வருகிறது, அந்த விகிதத்தைப் பங்கிலாபத்திலிருந்து நீக்கி, நன்மையை நாடாமல் வெளியே கொடுத்துவிட வேண்டும் என்றார். நீ மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டாய். அந்தப் பகுதியை எனக்கு அனுப்பினாய், நான் அதை மையவாடிக்குப் போகிற ஒழுங்கையில் தண்ணீர் வடியக் கான் வெட்டக் கொடுத்தேன். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இடம் அது. இப்போது நிற்பதில்லை. “காக்காட டிவிடெண்ட் கானுக்குள்ளால ஓடுது” என்று உன்னைச் சொல்லித் தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் காரியத்தில் பிழை எதுவும் இல்லை. பிழை அதன் பிறகு நடந்தது.

போன வருடம் இதே காலத்தில், நீ இரண்டு வேலை செய்துகொண்டிருந்தாய். படிவம் நிரப்ப நேரமில்லை, தங்கச்சிக்கு இங்கிலீஷும் கணக்கும் வரும், அவள் நிரப்பட்டும், வாப்பா பக்கத்தில் இருந்து பார்க்கட்டும் என்று மென்பொருளுக்குள் போக வழியைத் திறந்துவிட்டாய். சம்பளமெல்லாம் இலேசாகப் போயிற்று. பங்கிலாபம் வந்த இடத்தில் தங்கச்சி நின்றாள். உன்னைப் போனில் அழைத்தோம். அந்தக் கதை எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும், ஆனாலும் இங்கே எழுதி வைக்கிறேன். தொகைகளை நூறாக வைத்துச் சொல்கிறேன், விளங்குவதற்கு அதுதான் சுகம்.

“வாப்பா, டிவிடெண்ட் ஸ்லிப்புல நூறு எண்டு கிடக்கு. என்ட கைக்கு வந்தது எண்பத்தஞ்சு. பதினஞ்சை அமெரிக்காவிலேயே வரிக்கெண்டு புடிச்சிட்டாங்க. எதைப் போடுற?” என்று கேட்டாய்.

“கைக்கு வராத காசுக்கு நீ ஏன் கணக்குக் காட்டுற? எண்பத்தஞ்சுதான் வருமானம். அதிலயும் அஞ்சு அசுத்தம், கானுக்குக் குடுத்தாச்சு. அது உன்ட இல்ல. எண்பது எண்டு போடச் செல்லு.”

“ஸ்லிப்புல நூறு எண்டெல்லோ கிடக்கு வாப்பா.”

“முப்பது வருசமா ஊருக்கு ஸகாத் கணக்குப் பார்த்துக் குடுக்கிறவனுக்கு நீ கணக்குப் படிச்சுத் தாறியா?”

அடுப்படியிலிருந்து உன் உம்மா, “கிளாக்கரோட கணக்குக் கதைக்காத மகன், விடிஞ்சிடும்” என்றாள். நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். தங்கச்சி எண்பது என்று அடித்தாள். அங்கே பிடித்த வரிக்கென்று இன்னொரு பெட்டி இருந்ததாம். அது வெறுமையாகவே விடப்பட்டது. வராத காசைப் பற்றி என்ன எழுதுவது என்று நான்தான் சொன்னேன்.

அன்று எனக்கு அது மார்க்கத்துக்கும் நேர்மைக்கும் பொருந்திய கணக்காகவே தோன்றியது. சேமிப்பில் ஏழைகளுக்குப் பிரிக்க வேண்டிய ஸகாத்தைப் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான், இன்றைய திகதியில் உன் கையில் கிடப்பது எவ்வளவு? வழியில் போனதும் பிறருக்குரியதும் அந்தக் கணக்கில் சேராது. ஒரே கேள்வியை வருடக்கணக்காகக் கேட்டுவந்தவனுக்கு, வேறொரு இடத்தில் வேறு கேள்வி கேட்கப்படுகிறது என்பது தெரியவில்லை. அவர்கள் கேட்டது உன் கையில் எவ்வளவு என்றல்ல, உனக்கென்று எவ்வளவு உண்டாயிற்று என்று. அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

நான் அரிசி ஆலையில் கிளாக்கராகச் சேர்ந்த புதிதில் நெல் நிறுத்து ரசீது எழுதுவதுதான் என் வேலை. நெல் ஈரமாக இருந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிப்போம். முதலாளி சொன்னபடி, கழித்தபிறகு வருகிற நிறையை மட்டும்தான் ரசீதில் எழுதுவேன். ஒருநாள் பாண்டிருப்பிலிருந்து நெல் கொண்டுவந்த ஓர் அம்மா ரசீதைத் திருப்பி என் மேசையில் வைத்தார். “தம்பி, நான் கொண்டுவந்தது எவ்வளவு, நீங்க கழிச்சது எவ்வளவு, ரெண்டையும் எழுதித் தாங்க. மிச்சத்தை மட்டும் எழுதினா கழிச்சது எங்க போனது எண்டு நான் ஆரிட்டக் கேக்கிற?” என்றார். “எல்லாருக்கும் இப்பிடித்தான் எழுதுற” என்றேன். “எல்லாரையும் எனக்குத் தெரியா. எனக்கு எழுதித் தாங்க” என்று அசையாமல் நின்றார். பின்னால் வரிசை நீண்டது, வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். கடைசியில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதுதான் கழிவு எவ்வளவு பெரிது என்பதை நானே கண்டேன். அடுத்த நாளிலிருந்து எல்லா ரசீதிலும் மூன்று வரிகள் எழுதினேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, ஆறு மாதம் என்னோடு நேராகக் கதைக்கவில்லை. இதை நான் உங்கள் இருவருக்கும் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பெருமைப்பட்டவன், சொந்த மகனுக்கு மிச்சத்தை மட்டும் எழுதச் சொன்னேன்.

என் பிழை எனக்குப் பிடிபட்டது போன கிழமைதான். லெவ்வைப் போடியாரை உனக்குத் தெரியும், சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். நீ சின்னவனாக இருந்தபோது உன்னை உழவு மெசினில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி, சேற்றோடு கொண்டுவந்து விட்டவர். பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து நெல்லுக்குரிய ஸகாத்தைக் கணக்குப் பார்க்க வந்தார். வழக்கம் போலத் தங்கச்சி கொப்பியோடு பக்கத்தில் இருந்தாள்.

“எழுபது மூட்டை, கிளாக்கர்” என்றார்.

“வயல்ல விளைஞ்சதா, வீட்டுக்கு வந்ததா?”

“வீட்டுக்கு வந்தது.”

“விளைஞ்சது எவ்வளவு?”

“அது எண்பத்திரண்டு. வெட்டின மெசினுக்குக் கூலியா வயலிலேயே நெல்லாக் குடுத்தாச்சு. ஏத்தின லொறிக்குக் குடுத்தாச்சு. அந்த மூட்டையள் என்ட வாசலையே காணல்ல. காணாத நெல்லுக்கும் ஸகாத்தா? இது என்ன ஞாயம்?”

“வாசலுக்கு வராட்டியும் விளைஞ்சது உன்ட வயல்ல. உன்ட கூலியைக் குடுக்கத்தானே போனது? உனக்குரியதா இல்லாட்டி நீ எப்பிடி அதைக் குடுத்த? எண்பத்திரண்டு எண்டு எழுது மகள்.”

“கிளாக்கர் மௌத்தானாலும் கபுறுக்குள்ள இருந்து மூட்டை எண்ணுவார்” என்று போடியார் என்னைப் புதைகுழிக்கே அனுப்பிவிட்டு, என் தோளில் தட்டிச் சிரித்தார். கூலியைக் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்கிற ஆலிம்களும் இருக்கிறார்கள், நான் படித்துக்கொண்டது இப்படி. அது வேறு வாதம். நான் சொல்ல வந்தது, அந்த நேரம் பேனை ஓடுகிற சத்தம் கேட்கவில்லை என்பதை. கண் மங்கியவனுக்குக் காது கூர்மை. “ஏன் மகள் எழுதல்ல?” என்றேன். “எழுதுறன் வாப்பா” என்றாள். ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. போடியார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். நான் கதிரையிலேயே இருந்தேன். அசருக்குப் பாங்கு சொன்னார்கள், எழும்பாமல் இருந்தேன். வயலிலேயே போன நெல் போடியாருடையது என்றால், அமெரிக்காவிலேயே போன பதினைந்து உன்னுடையது. அது உன் வரிக்கடனுக்குப் போன உன் காசு. கானுக்குப் போன ஐந்தும் அப்படித்தான். அது உனக்கு ஆகாத காசு என்பது உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கணக்கு. கம்பெனி அதை உன் பெயரில்தான் தந்தது. நீ வாங்கினாய், பிறகு கொடுத்தாய். கொடுத்த நன்னோக்கத்தைக் காட்டி வாங்கியதை இல்லை என்று எழுத முடியாது.

அன்றிரவே உன் உம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். “இப்பதான் ஞாபகம் வந்ததா உங்களுக்கு? கலியாணக் காட் அடிச்சு முடிஞ்சு, ஊரெல்லாம் சொல்லி முடிஞ்சு, இப்பதான் வந்ததா?” என்றாள். “அவன் திருப்பிக் கட்ட வேண்டி வந்தா என்ன செய்ற? டிக்கட் எடுத்த கடனே கிடக்கு. பொண் வீட்டாக்கள்ட காதில விழுந்தா, மாப்பிள வரிக் களவு செஞ்சாராம் எண்டு கதை கட்டுவாங்க. கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் நீங்களும் வாய் திறக்கப்படாது, இவளும் வாய் திறக்கப்படாது.” தங்கச்சி தலையை ஆட்டினாள். நானும் ஓம் என்றேன். இந்த வீட்டில் இருபத்தெட்டு வருடத்தில் உன் உம்மாவிடம் ஓம் என்று சொல்லிவிட்டு மாறி நடப்பது இதுதான் முதல் தடவை. அவளுடைய பயம் பிழையென்று சொல்ல மாட்டேன். அவள் பந்தலைப் பார்க்கிறாள், நான் கையெழுத்தைப் பார்க்கிறேன். படிவத்தின் கடைசியில் நீ வைக்கிற ஒப்பம், இதில் உள்ளதெல்லாம் சரியும் முழுமையும் என்று சொல்லித்தான் வாங்கப்படுகிறது. அது உன் வாக்கு. எண்பதுக்கு நூறு என்ற வித்தியாசம் சின்னதா பெரியதா என்பது அந்த வாக்கில் இல்லை.

இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வந்தால் அதைப் பற்றி நீ யோசிக்காதே. வலீமா விருந்துக்கு இரண்டு மாடு என்று உன் மாமா நிற்கிறார். ஒரு மாடு போதும். பந்தலில் தொங்கும் பூ விளக்குகளை நிறுத்தலாம். ஐநூறு பேருக்குச் சொல்ல நினைத்ததை முந்நூறாக்கலாம். சாப்பிடாமல் போன இருநூறு பேரும் ஒரு கிழமை கதைப்பார்கள், பிறகு வேறு கலியாணம் வரும். என் பிழைக்கு என் பந்தலில்தான் கழிக்க வேண்டும், உன் சம்பளத்தில் அல்ல.

கலியாணம் என்று வாயெடுத்ததால் அதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நான் கலியாணம் முடித்த புதிதில், என் உம்மாவுக்கு மாதாமாதம் கொடுப்பதைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் உன் உம்மாவிடம் சம்பளம் என்று கொடுத்தேன். கொடுத்தது நல்ல காரியம்தான், மறைக்கவும் நினைக்கவில்லை, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். நான்காம் வருடம் சம்பளத் துண்டு சட்டைப் பையில் கிடந்து அவள் கையில் பட்டது. அவள் சண்டை பிடிக்கவில்லை. “மாமிக்குக் குடுக்கிறதுக்கு நான் வேணாம் எண்டு செல்லுவன் எண்டா நினைச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த மாதம் சம்பளத் துண்டையும் சேர்த்தே அவளிடம் கொடுத்தேன். நீ அந்தப் பிள்ளையிடம் சம்பளத்தைச் சொல்லும்போது முழுதாகச் சொல். எங்களுக்கு அனுப்புவதை அதற்குப் பிறகு சொல். அவள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், முழுத் தொகையைக் கேட்டுவிட்டுச் சுளிக்கட்டும். இதை இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது, இந்தச் சுருக்கி எழுதுகிற பழக்கம் என்னிடம் உன் வரிப் படிவத்தில் தொடங்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வருடப் படிவத்தில் பங்கிலாபத்தை நூறு என்று மாற்று. பிடித்த பதினைந்தை அதற்கென்று உள்ள பெட்டியில் தனியாகப் போடு. கானுக்குக் கொடுத்த ஐந்தை எங்கேயும் கழிக்காதே. அந்த ஒழுங்கை உன் நாட்டு அரசாங்கத்தின் தர்மப் பட்டியலில் இருக்காது. போன வருடத்துப் படிவத்தைப் புதிதாக இன்னொன்றாக அனுப்பாமல், திருத்தம் என்று திறந்து திருத்து. அவர்கள் கடிதம் போட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதே, நீயாகச் சொல்வது வேறு, கேட்டபிறகு சொல்வது வேறு. எல்லாம் முடிந்து அவர்களுடைய பதிலும் வந்தபிறகு, இந்தக் கடிதத்தை அந்த இரண்டு பொடியன்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களும் இதே பங்குகளை வைத்திருக்கிறார்கள், அவர்களும் என்னிடம்தான் ஸகாத் கணக்குக் கேட்டார்கள், அவர்களும் எண்பது என்று போட்டிருப்பார்கள். அப்போது என் பெயரை மறைக்காதே. கிளாக்கர் பிழை விட்டார் என்று சொல். ஊருக்கு வந்தால் வரட்டும். ஸகாத் பார்க்க ஆட்கள் வராமல் போனால் நான் அசருக்குப் பிறகு கடற்கரைக்கு நடந்து போவேன், வைத்தியரும் அதைத்தான் சொல்கிறார்.

தங்கச்சி எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். தானும் ஒன்று எழுத வேண்டுமாம். எழுது என்றேன்.

காக்கா, இனி எழுதுவது நான். வாப்பா பக்கத்தில்தான் இருக்கிறார். இதை நான் அவருக்கு வாசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

போன வருடம் எண்பது என்று அடித்தவுடன் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்தது. நீங்கள் எழுதிய தொகை ஸ்லிப்பில் இருப்பதை விடக் குறைவு, சரிபாருங்கள் என்று அதில் இருந்தது. வாப்பா, “என்ன மகள் செல்லுது?” என்று கேட்டார். நான், “ஒண்டுமில்ல வாப்பா, அடுத்த பக்கத்துக்குப் போகச் செல்லுது” என்றேன். போய்விட்டேன். அதற்குச் சற்று முன்புதான் அவர் உன்னை ஏசியிருந்தார். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து அந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் தனியாக வாசித்தேன். வரி பிடிப்பதற்கு முன்பிருந்த முழுத் தொகையைப் போட வேண்டும், பிடித்த வரியை மற்றப் பெட்டியில் போட வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அதை என் வர்த்தகக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஒரு வருடமாக அது அங்கே கிடக்கிறது. இந்த வருடமும் மஞ்சள் பெட்டி வந்தது. இந்த வருடமும் அடுத்த பக்கம் என்பதையே அழுத்தினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது காக்கா. போன கிழமை, போடியார் வந்துபோன அன்று, யாரும் இல்லாத நேரம் உன் படிவத்தில் நூறும் பதினைந்தும் போட்டுப் பார்த்தேன். அனுப்பவில்லை, பார்த்துவிட்டுப் பழையபடி மாற்றிவிட்டேன். வரி கூடும் என்று நினைத்தேன். குறைந்தது. மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் குறைந்தது. அமெரிக்காவில் நீ கட்டிய பதினைந்தை அவர்கள் உன் வரியிலிருந்து கழித்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியை நாங்கள் வெறுமையாக விட்டதால் நீ இரண்டு இடத்திலும் கட்டியிருக்கிறாய். திருத்தினால் உனக்குக் காசு திரும்பி வரும். உம்மா பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு மாடாகக் குறைக்கவும் தேவையில்லை. போன வருடம் வரியில் உனக்குத் திரும்பிவந்த காசை அனுப்பி, எனக்கென்று கட்டும் இந்த அறைக்குத் தரை ஓடு போட்டாய், பாதியில் காசு முடிந்துவிட்டது. நான் வாய் திறந்திருந்தால் சிலவேளை மற்றப் பாதியும் முடிந்திருக்கும். சீமெந்துப் பக்கத்தில்தான் மேசையைப் போட்டிருக்கிறேன்.

வாப்பா கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

“ஒரு வருசமாத் தெரிஞ்சிருந்தும் ஏன் மகள் செல்லல்ல?”

“பயத்துல வாப்பா.”

“ஆருக்குப் பயம்? வரிக் கந்தோருக்கா?”

“இல்ல. உங்களுக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். போடாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான், போட்டாலும் ஒன்றுதான். பிறகு, “அதையும் எழுது. நான் கேட்டதையும் நீ செல்லினதையும் அப்பிடியே எழுது. காக்கா வாசிக்கட்டும்” என்றார். எழுதிவிட்டேன். அந்தப் பெட்டி என்ன நிறம் என்று மறுபடியும் கேட்டார். மஞ்சள்தான் வாப்பா என்றேன். கடும் மஞ்சளா என்று கேட்டார். ஓம் என்றேன். இனி அப்படி ஏதாவது வந்தால், அவர் கத்திக்கொண்டிருந்தாலும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்.

காக்கா, நான் அந்தக் கொப்பிப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புகிறேன். ஸ்லிப் அமெரிக்க டொலரில் இருந்தால் முதலில் கனேடிய டொலருக்கு மாற்று, பிடித்த வரியையும் அதே கணக்கில் மாற்று. கனேடியக் கம்பெனிகளின் பங்கிலாபத்துக்கு இருக்கும் பெட்டியில் போட்டுவிடாதே, அது வேறு, வெளிநாட்டு வருமானம் என்று இருப்பதில்

கதவு தட்டுகிறது. உம்மாதான். உடுப்புப் பையின் சரசரப்பு கேட்கிறது. நான் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைக்கப் பார்த்தேன். வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “விரிச்சபடியே கிடக்கட்டும். உம்மாவும் வாசிக்கட்டும்” என்கிறார். “பூட்டிக்கொண்டு என்னகா செய்றீங்க வாப்பாவும் மகளும்?” என்று கேட்கிறார். மறுபடியும் தட்டுகிறார். காக்கா, எண்பதை அழித்துவிடு, நூறு. நான் போய்க் கதவைத்